பால் பல்லுக்கு ஒரு பேரம்

தப்பு பண்ணது அந்த ஆளுதான் டாக்டரம்மா. நீங்க எத்தனை தடவை ஃபைலைப் புரட்டினாலும் அதான் உண்மை. மாடியில உக்காந்திருக்காரே உங்க பெரிய டாக்டர், கதவுல பேருக்குப் பின்னால எறும்பு வரிசை மாதிரி எழுத்தா அடுக்கி வெச்சிருக்காரே, அவரேதான். நாலு வருஷத்துக்கு முன்னாடி அவரு தன் வேலைய ஒழுங்கா பண்ணியிருந்தா, இன்னைக்கு என் பொண்ணு அந்த எக்ஸ்ரே ரூம்ல குச்சியக் கடிச்சுக்கிட்டு, தலையச் சுத்தி மெஷின் ஓட, ஆடாம அசையாம நின்னுக்கிட்டிருக்க வேண்டாம்.

மெதுவா பேசவா? இதுதாம்மா மெதுவு. நான் சத்தம் போட்டேன்னா வெளிய தொட்டியில இருக்கற மீனெல்லாம் திரும்பிப் பாக்கும்.

வேண்டாம், உக்காரல. அந்த நாற்காலி பிள்ளைங்க சைஸு. நான் உக்காந்தா எந்திரிக்கறப்ப அதுவும் கூடவே எந்திரிக்கும். என் வீட்டுக்காரி அவகூட உள்ள இருக்கா இல்ல, போதும். அவங்க வர்றதுக்குள்ள நான் பேசி முடிச்சுடறேன்.

நீங்க சின்னப் பொண்ணு, உங்கமேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. காலையில எடுத்த சின்ன எக்ஸ்ரே படத்தப் பாத்தீங்க, முகம் மாறுச்சு, ஆனா மறைக்காம சொன்னீங்க. கீழ்த் தாடையில, அந்தப் பால் பல்லு வேருக்கு அடியில, கறுப்பா ஒரு வட்டம். பை மாதிரி. உள்ள தண்ணி. அந்தத் தண்ணிக்குள்ள அவளோட நிரந்தரப் பல்லு சாஞ்சு கிடக்குது. வெளிய வருமா வராதான்னு முழுத் தாடைக்கும் பெரிய படம் எடுத்தாத்தான் தெரியும்னீங்க. வந்தாலும் மேல வெள்ளையா, பழுப்பா, சொத்தை மாதிரி வரலாம்னீங்க. ஒன்பது வயசும்மா அவளுக்கு. அந்தப் பல்லு இன்னும் வெளிச்சமே பாக்கல. பிறக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு சீக்கு.

அதுக்குத்தான் கேக்கறேன், யாரு பதில் சொல்றது?

நான் என்ன தொழில் பண்றேன்னு ஃபைல்ல எழுதியிருக்கா? எழுதியிருக்க மாட்டாங்க. இடிக்கிற வீட்டுக் கதவு, ஜன்னல், உத்திரம், இரும்பு எல்லாம் வாங்கி விக்கறேன். பதினோரு வயசுல இடிச்ச மண்ணுல கோணல் ஆணி பொறுக்கி, கல்லு மேல வெச்சுத் தட்டி நிமித்தி வித்தவன். இப்ப அரை ஏக்கர்ல கடை. பள்ளிக்கூடம் சொல்லிக்குடுக்காதத எல்லாம் ஆணி சொல்லிக்குடுத்துச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை பேரம். எவனாவது ஒரு விலை சொன்னா, அதுல பாதிய என் வாய் தானா சொல்லிடும். மூளை அப்புறம்தான் வந்து சேரும். கல்யாணத்தன்னைக்கு முகூர்த்த நேரத்தையே ஒரு மணி நேரம் முன்னாடி தள்ள முடியுமான்னு கேட்டவன் நான். என் மாமனார் இன்னைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

சரி, நாலு வருஷத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. ஃபைல்ல இருக்கறது பாதிதான்.

வாலுக்கு அப்ப அஞ்சு வயசு. நாங்க அவள வாலுன்னுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் காலையில எந்திரிக்கறா, இடது கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருக்கு. கண்ணு பாதி மூடிருச்சு. காய்ச்சல். நான் வேலை நடக்கற இடத்துலேர்ந்து அப்படியே ஓடி வந்தேன், தலை, மீசை எல்லாம் சுண்ணாம்பு. பெரிய டாக்டர் பாத்தாரு. நல்ல கை, ஒத்துக்கறேன். பிள்ள கத்தவே இல்ல. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு சொன்னாரு. பின்பக்கத்துப் பால் பல்லு, சொத்தை வேர் வரைக்கும் போயிருச்சு, உள்ள சீழ். ரூட் கனால் பண்ணி, கால்வாயெல்லாம் சுத்தம் பண்ணி, ஒரு பசைய வெச்சு அடைக்கணும். பால் பல்லோட வேரு தானா கரையும், அதோட அந்தப் பசையும் கரையணும், அதனால பெரியவங்களுக்கு வெக்கற சாமான் இதுக்கு ஆகாது. மூணு தடவை வரணும். முடிஞ்சதும் மேல ஸ்டீல் கேப் போடணும். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பாக்கணும், அந்தப் பல்லு விழற வரைக்கும்.

விழற வரைக்கும்! அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. விழப்போற பல்லுக்கு எதுக்கு சார் இத்தனை வைத்தியம், நாளைக்கு இடிக்கப்போற வீட்டுக்கு எவனாவது இன்னைக்கு வெள்ளையடிப்பானான்னு கேட்டேன்.

அவரு சிரிச்சாரு. சிரிச்சுட்டு நல்லாத்தான் சொன்னாரு. நிரந்தரப் பல்லு வர இன்னும் ஆறு வருஷம் இருக்கு, அது வரைக்கும் இது அந்த இடத்தப் பிடிச்சு வெக்கணும், இதப் பிடுங்கினா பக்கத்துப் பல்லு சாஞ்சு வந்து வழிய அடைச்சுடும்னாரு. அது எனக்குப் புரிஞ்சுது. கதவு நிலையக் கழட்டறதுக்கு முன்னாடி சுவத்துக்கு முட்டுக் குடுக்கலன்னா சுவரு உக்காந்துடும். நான் எத்தனை சுவரு பாத்திருக்கேன்.

புரிஞ்சுதா? புரிஞ்சுது. சும்மா இருந்தேனா? அதான் இல்ல.

மூணு தடவை எதுக்கு சார், ஒரே தடவையா முடிச்சுடுங்களேன்னேன். முடியாதேன்னாரு. ரெண்டா பண்ணுங்கன்னேன். சரின்னாரு. பாத்தீங்களா, முடியாதுன்னு சொன்ன வாய் மூடறதுக்குள்ள சரின்னு திறந்துச்சு. எனக்கு அது போதும்மா. ஒருத்தன் முதல் படியில இறங்கிட்டான்னா மிச்சப் படியெல்லாம் வழுக்கும். அடுத்தது கேப். பொம்பளப் பிள்ள வாயில தகரமா, சாதா அடைப்பே போதும்னேன். என் வீட்டுக்காரி என் கையப் பிடிச்சு இழுத்தா, டாக்டர் சொன்னபடியே பண்ணட்டும்ங்கன்னா. நீ சும்மா இருன்னேன். அவரு சொன்னாரு, பின்னாடி பல்லுதான, யாருக்கும் தெரியாது, கேப் இல்லன்னா ஓரம் உடையும், எச்சில் உள்ள இறங்கும், பண்ணின வேலையே வீணாப் போயிரும். உடைஞ்சா வர்றோம் சார்னேன். அவரு சுவத்துல இருந்த கடிகாரத்தப் பாத்தாரு. வெளிய பதினஞ்சு பேரு. பாத்துக்கலாம்னாரு.

பாத்துக்கலாம்! அந்த ஒத்த வார்த்தைய நான் எவ்வளவு கேட்டிருக்கேன் தெரியுமா? எதிராளி தோத்துட்டான், ஆனா மரியாதையா தோக்கணும்னு ஆசைப்படறான், அப்பத்தான் அந்த வார்த்தை வரும். ஆறு மாசப் படத்தையும் கடைசியில அடிச்சுக் குறைச்சேன். முதல் ஆறு மாசத்துக்கு ஒண்ணு, அதுக்கப்புறம் வலி வந்தா மட்டும்னு பேசி முடிச்சேன். கதவு வாங்கின மாதிரி கை குடுத்துட்டு வெளிய வந்தேன். காத்திருந்த ஜனமெல்லாம் என்னப் பாத்துச்சு. நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தேன்.

சிரிக்காதீங்கம்மா. இல்ல, பரவால்ல, சிரிங்க. சிரிச்சுட்டு கேளுங்க.

அப்ப தப்பு யாரு மேலங்கறீங்க? என்மேலதானேன்னு உங்க கண்ணு கேக்குது. இருங்க. நான் கேப்பேன். கேக்கறது என் பொழப்பு. பூனை திருடத்தான் செய்யும், பால மூடி வெக்கறது யாரு வேலை?

போன மாசம் ஒருத்தன் என் கடைக்கு வந்தான். வீட்டுக்கு மேல ஒரு ரூம் கட்டறானாம், ஒரு உத்திரம் வேணும்னான். தேக்கு, பதினாலு அடி, பாத்தா ராஜா மாதிரி கிடக்கு. ஆனா நடுவுல ஒரு கீறல், மயிரிழை. நான் தட்டிப் பாத்துட்டேன், சத்தம் செத்த சத்தம். இதுல மேசை பண்ணிக்கோ, தலைக்கு மேல போடாதன்னேன். கெஞ்சினான். கேட்டதுக்கு மேலயே தர்றேன்னான். குழந்தைங்க தூங்கற ரூம்தான, கனமா ஒண்ணும் வெக்க மாட்டேன்னான். போடா வெளியன்னேன். என்னத் திட்டிக்கிட்டே போனான், ஊரெல்லாம் என்ன திமிரு பிடிச்சவன்னு சொல்றானாம். சொல்லட்டும். தெரிஞ்சவன் குடுக்கக்கூடாதம்மா! கேக்கறவனுக்குத் தெரியாது, அதனால கேக்கறான். தெரிஞ்சவனுக்கு ஒரே ஒரு வேலைதான், முடியாதுன்னு சொல்றது. எட்டாங்கிளாஸ் தாண்டாத நான் சொல்றேன். அத்தனை எழுத்துப் படிச்ச மனுஷன் பாத்துக்கலாம்ங்கறாரு!

காட்டுங்க, காட்டுங்க, எனக்குத் தெரியும் அந்தப் பக்கம். ஆறு மாசப் படம். வலி இல்ல, வீக்கம் இல்ல, ஆட்டம் இல்ல, வேருக்கு அடியில எலும்பு நல்லா இருக்கு. சிகிச்சை வெற்றி. கீழ அவரு கையெழுத்து. ஆமா, அன்னைக்கு வெற்றிதான். நானே கடையில எல்லாருக்கும் சொன்னேன், பாருங்கடா, மூணு தடவைய ரெண்டாக்கி, கேப்பத் தூக்கிட்டேன், ஒண்ணும் ஆகலன்னு. அதுக்கப்புறம் பாருங்க, பக்கம் வெள்ளை. அடுத்த பக்கமும் வெள்ளை. மூணரை வருஷம் வெள்ளைக் காகிதம். பல்லு தனியா உள்ள உக்காந்து வேலை பாத்துக்கிட்டிருந்திருக்கு.

நீங்க காலையில சொன்னீங்க, இந்த வைத்தியம் பெரும்பாலும் ஜெயிக்கும்னு. கேப்போட இருந்தா இத்தனை, இல்லன்னா இத்தனைன்னு நூத்துக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கீங்க. நல்ல கணக்குதான், நான் குறை சொல்லல. ஆனா என் பொண்ணுக்கு நூறு வாய் இல்லம்மா. ஒரே வாய்.

ஆமா, அடைப்பு உடைஞ்சுது. எப்பன்னா, ஒண்ணரை வருஷம் இருக்கும் ரூட் கனால் பண்ணி. பிஸ்கட் கடிக்கறப்ப ஒரு துண்டு கையில வந்துச்சு. என் வீட்டுக்காரி பொட்டலம் கட்டி வெச்சா, கூட்டிட்டுப் போங்கன்னா. நான் வலிக்குதாடின்னு கேட்டேன். இல்லப்பான்னா. வலி வந்தா மட்டும்னுதான பேச்சு? பேச்சு பேச்சா இருக்கணும்னேன். எங்க போச்சு என் புத்தி? பக்கத்து வீட்டு ஓடு ஒண்ணு விலகினாலே மழை எங்க இறங்கும்னு சொல்ற ஆளு நான்.

இல்ல, அவளுக்குத் தண்ணி குடுக்கறாங்களா? படம் முடிஞ்சுதா? இன்னும் அஞ்சு நிமிஷம்? சரி.

இன்னொண்ணு சொல்றேன், காலையில நீங்க அவ ஈற அமுக்கினீங்க. மஞ்சளா சீழ் வந்துச்சு. நானே பாத்தேன். வலிக்குதாம்மான்னீங்க. இல்லன்னா. இன்னும் கொஞ்சம் அமுக்கினீங்க. இல்லன்னா. நீங்க ஆச்சரியப்பட்டு, என்ன தைரியமான பொண்ணுன்னு சொல்லி அவ கையில நட்சத்திரம் ஒட்டினீங்க. வேண்டாம்மா. அந்த நட்சத்திரத்தப் பிச்சு எடுத்துடுங்க. அது தைரியம் இல்ல.

நீங்க அவ முகத்தப் பாத்தீங்க. நான் அவ கண்ணப் பாத்தேன். ஒவ்வொரு தடவை நீங்க வலிக்குதான்னு கேட்டப்பவும் அவ முதல்ல என்னத்தான் பாத்தா. பாத்துட்டுத்தான் இல்லன்னா.

ஏன்னா... ஒண்ணும் இல்ல, ஒரு சின்ன விஷயம். ரெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தா. அப்ப ஒரு பழைய மில்லு இடிச்சாங்க, முந்நூறு ஜன்னல், எல்லாம் ஒரே ஆள் எடுக்கணும்னு ஏலம். நான் எடுத்தேன். நாப்பது நாள்ல காலி பண்ணித் தரணும். அந்த நேரம் பாத்து ஒரு நாள் காலையில என்கிட்ட வந்து, உதட்டத் தூக்கிக் காட்டறா. ஈறுல ஒரு கொப்புளம், மிளகு சைஸு. அம்மாகிட்ட சொல்லட்டுமாப்பாங்கறா. சொன்னா என்ன ஆகும்? அன்னைக்கே ஆஸ்பத்திரி, அப்புறம் நாலு நாள் அலைச்சல், அங்க ஜன்னல எவன் பாக்கறது? பெரிய வலியா சின்ன வலியான்னு கேட்டேன். சின்னதுன்னா. அப்ப நாம ஒரு பேரம் பேசிக்கலாம்னேன்.

வலிக்குதுன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாது. அம்மா கேட்டாலும் சரி, டீச்சர் கேட்டாலும் சரி, டாக்டரே கேட்டாலும் சரி. சொல்லாம இருந்தா ஒரு சைக்கிள். அவ யோசிச்சா. இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, பெல் வேணும்னா. சரின்னேன். முன்னாடி கூடை வேணும்னா. சரின்னேன். சிவப்புன்னா. எனக்கு அப்படியே தூக்கிக் கொஞ்சணும் போல இருந்துச்சு, அவ்வளவு பெருமை. என் ரத்தம்டான்னு. கை குடுத்தோம், கடையில குடுக்கற மாதிரி, ரெண்டு தடவை குலுக்கி.

ஜன்னல் நாப்பது நாள்ல போச்சு. சைக்கிள் வந்துச்சு, பெல்லு, கூடை, எல்லாம். நான் மறந்துட்டேன்.

அவ மறக்கல டாக்டரம்மா. பேரம் முடிஞ்சுபோச்சுன்னு நான் அவகிட்ட சொல்லவே இல்ல. எனக்குத் தோணல. ஒண்ணரை வருஷமா வலது பக்கம் மட்டும் மென்னுக்கிட்டு, கொப்புளம் உடைஞ்சா பாத்ரூம்ல கொப்புளிச்சுட்டு, வந்து சாப்பிட உக்காந்திருக்கா. நேத்து கன்னம் வீங்கினப்புறம்தான் என் வீட்டுக்காரிக்கே தெரியும். அவ பிள்ளயத் திட்டறா, ஏன்டி சொல்லலன்னு. பிள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது, வாயத் திறக்கல. நான் பக்கத்துலயே நிக்கறேன். நானும் வாயத் திறக்கல.

வேண்டாம், தண்ணி வேண்டாம். என்ன உக்காரச் சொல்லாதீங்கன்னேன்ல.

இப்ப என்ன பண்ணணும், அதச் சொல்லுங்க. அந்தப் பால் பல்ல எடுக்கணும், சரி. அந்த வழியா பையத் திறந்து தண்ணிய வடிய விடணும், ஓட்டை மூடிடாம ஒரு சின்னக் குழாய் மாதிரி வெக்கணும், தினமும் மருந்துத் தண்ணியால கழுவணும். அழுத்தம் குறைஞ்சா பல்லு தானா நிமிந்து மேல வரலாம். வராமலும் போகலாம். வந்தா இடம் வேணும், அதுக்கு ஒரு கம்பி. மாசத்துக்கு ஒரு தடவை வரணும், ஒரு வருஷத்துக்கு. பன்னெண்டு தடவை.

ஆறு தடவையா...

பாத்தீங்களா? பாத்தீங்களாம்மா? இத்தனையும் சொல்லிட்டு, இந்த வாய் என்ன கேக்குது பாருங்க! செருப்பால அடிக்கணும் இந்த வாய.

இருங்க, காலடிச் சத்தம். வர்றாங்க. நான் இப்ப அவள வெளிய கூட்டிட்டுப் போய், குனிஞ்சு உக்காந்து, அந்தப் பேரம் முடிஞ்சுது கண்ணு, நீ ஜெயிச்சுட்ட, இனிமே வலிச்சா கத்துன்னு சொல்லிட்டு வர்றேன். அவ அம்மா முன்னாடியே சொல்றேன். அவ என்னக் கொன்னாலும் சரி. அப்புறம் நீங்க பிள்ளயத் தனியா வலிக்குதான்னு கேளுங்க, நான் ரூம்ல இல்லாதப்ப.

ஆனா அதுக்குள்ள நீங்க மாடிக்கு ஃபோனப் போடுங்க. அந்த ஆளு கீழ வரணும். பதினஞ்சு பேரு காத்திருந்தாலும் சரி, அம்பது பேரு காத்திருந்தாலும் சரி. வந்து, என் முன்னாடி நின்னு, பன்னெண்டுன்னு அவரு கையாலயே அந்த வெள்ளைக் காகிதத்துல எழுதணும். நான் கேப்பேன். சத்தியமா கேப்பேன், எட்டாக் குறைங்க, பத்தா பண்ணுங்கன்னு கெஞ்சுவேன், கத்துவேன், ஆஸ்பத்திரிய மாத்திடுவேன்னு மிரட்டுவேன். அவரு கடிகாரத்தப் பாக்கக்கூடாது. என் மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்லணும். நாலு வருஷம் லேட்டு, ஆனா சொல்லணும். கூப்பிடுங்கம்மா அவர.